மகஜரை யார் பெயருக்கு எழுதுவது? அமைச்சரவை அமைப்பு பற்றிய ஒரு விளக்கம்

தலவாக்கலைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து இளைஞர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் லயத்துக் குடும்பங்களுக்குத் தனிவீடும் காணி உறுதியும் கேட்டு மகஜர் ஒன்று தயாரிக்கிறோம். எந்த அமைச்சருக்கு முகவரியிடுவது? அமைச்சரவை அமைச்சர், இராஜாங்க அமைச்சர், பிரதி அமைச்சர் என்கிறார்களே, இவர்களுக்குள் என்ன வித்தியாசம்? அரசாங்கம் மாறும்போதெல்லாம் அமைச்சின் பெயரும் ஏன் மாறுகிறது? மலையகத்துக்கான அமைச்சர் என்று உண்மையில் ஒருவர் இருக்கிறாரா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அப்படி ஒருவர் இல்லை. அமைச்சின் பெயரில் ஒரு பிரதேசம் இருந்தாலும்கூட, இலங்கையில் ஓர் அமைச்சருக்குச் சட்டப்படி கையளிப்பது விடயங்களைத்தான், அதாவது வீடமைப்பு, தொழில் போன்ற துறைப் பொறுப்புகளைத்தான். 1978க்குப் பின் சில காலம் மாவட்ட அமைச்சர்கள் என்று ஒரு வகையினர் இருந்தார்கள், ஆனால் அவர்கள் அமைச்சரவைக்கு வெளியே இருந்தவர்கள், அந்த முறையும் ஒரு தசாப்தத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ஓர் அமைச்சில் விடயக் கோப்புகளோடு பல வருடம் கழித்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: அமைச்சரவையை ஆட்களின் பட்டியலாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, விடயங்களின் பட்டியலாகப் பார்த்தால் உங்கள் மகஜர் போகவேண்டிய மேசை வரைக்கும் தெரியும்.

அந்தப் பட்டியல் இரகசியமானதன்று. புதிய அமைச்சரவை பதவியேற்ற சில நாட்களிலோ வாரங்களிலோ ஜனாதிபதியின் கட்டளையாக ஓர் அதிவிசேட வர்த்தமானி மூன்று மொழிகளிலும் வெளிவரும். அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எவரும் அதை இறக்கிப் படிக்கலாம். ஒவ்வோர் அமைச்சுக்கும் அதில் மூன்று நிரல்கள் இருக்கும். முதலாவது நிரலில் அந்த அமைச்சின் விடயங்களும் பணிகளும். இரண்டாவதில் அதன் கீழ் வரும் திணைக்களங்கள், நியதிச்சட்ட நிறுவனங்கள், அரச கூட்டுத்தாபனங்கள். மூன்றாவதில் அந்த அமைச்சர் நடைமுறைப்படுத்த வேண்டிய சட்டங்களும் கட்டளைச் சட்டங்களும். பத்திரிகைகள் பெரும்பாலும் அமைச்சின் பெயரையும் அமைச்சரின் படத்தையும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அலுவலகத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது இரண்டாம், மூன்றாம் நிரல்களைத்தான், ஏனெனில் காசும் அதிகாரமும் அங்கேதான் இருக்கின்றன.

மூன்றாம் நிரலின் பெறுமதி பலருக்குத் தெரிவதில்லை. நம் நாட்டுச் சட்டங்களில் "அமைச்சர்" என்றுதான் பொதுவாக எழுதியிருக்கும், எந்த அமைச்சர் என்று இருக்காது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சபை எடுக்கும் தீர்மானம் "அமைச்சர்" அங்கீகரித்து வர்த்தமானியில் வெளிவந்தால்தான் தோட்டத் துரைமாரைச் சட்டப்படி கட்டுப்படுத்தும். அந்த அமைச்சர் யாரென்பதை இந்த மூன்றாம் நிரல்தான் சொல்கிறது. தொழில் அமைச்சின் நிரலில் அந்தக் கட்டளைச் சட்டம் இருப்பதால் அது தொழில் அமைச்சர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானதும் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவானதும் இந்த வழியால்தான். தோட்டம் என்ற சொல்லைத் தன் பெயரில் வைத்திருந்த அமைச்சு எதுவானாலும், கையெழுத்து வேறொரு கட்டிடத்தில், நாரஹேன்பிட்டியில் விழுந்தது. இதை விளங்கிக்கொள்ளாமல் சம்பளப் பிரச்சினைக்குப் பெருந்தோட்ட அமைச்சுக்கும் வீட்டுப் பிரச்சினைக்குத் தொழில் அமைச்சுக்கும் எழுதப்பட்ட கடிதங்கள் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன.

இனி அமைப்பின் அடித்தளத்துக்கு வருகிறேன். அரசாங்கத்தை நெறிப்படுத்துவதும் கட்டுப்படுத்துவதும் அமைச்சரவையின் பொறுப்பு என்றும், அமைச்சரவை கூட்டாகப் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பும் பதிலளிக்கும் கடமையும் உடையது என்றும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 42ஆம் உறுப்புரை சொல்கிறது. ஜனாதிபதி அமைச்சரவையின் உறுப்பினர், அதன் தலைவரும் அவரே. எத்தனை அமைச்சுகள், எந்த அமைச்சுக்கு எந்த விடயம் என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. அதில் பிரதமரின் பங்கு அரசியலமைப்புத் திருத்தங்கள் வரவர ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. பாராளுமன்றத்தின் நம்பிக்கை யாருக்கு இருக்கக்கூடும் என்று ஜனாதிபதி கருதுகிறாரோ அந்த உறுப்பினர் பிரதமராகிறார். அமைச்சர்கள் எல்லோரும் பாராளுமன்ற உறுப்பினர்களாக இருந்தாக வேண்டும், தேசியப் பட்டியலில் வந்தவரென்றாலும் சரி.

நம் வீடுகளில் மாலையில் ஓடுவது இந்தியத் தொலைக்காட்சி என்பதால் ஒரு குழப்பம் வருகிறது. அங்கே அமைச்சரவையை நடத்துபவர் பிரதமர், குடியரசுத் தலைவர் அவரது ஆலோசனைப்படி நியமிக்கிறார். இங்கே அமைச்சரவைக் கூட்டத்தின் தலைமை ஆசனத்தில் அமர்பவர் மக்களால் நேரடியாகத் தெரிவான ஜனாதிபதி. அங்கே "இணை அமைச்சர்" என்று கேள்விப்படுபவரை இங்குள்ள இராஜாங்க அமைச்சரோடு ஒப்பிடலாம், ஆனால் அப்படியே பொருத்திவிட முடியாது.

மூன்று வகை அமைச்சர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அமைச்சரவை அமைச்சர் என்பவர் கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானம் எடுப்பவர். அமைச்சரவைப் பத்திரம் என்று நாம் சொல்லும் விஞ்ஞாபனத்தில் கையெழுத்திட்டுச் சமர்ப்பிக்கும் உரிமை அவருக்குத்தான். அமைச்சரவை அந்தஸ்தற்ற அமைச்சருக்கு, அதாவது இராஜாங்க அமைச்சருக்கு, சில விடயங்கள் தனியாகக் கையளிக்கப்படலாம், தனிச் செயலாளரும் இருக்கலாம், ஆனால் கூட்டத்தில் அவருக்கு ஆசனம் இல்லை. பிரதி அமைச்சர் தம் அமைச்சருக்கு உதவுபவர்; பாராளுமன்றத்தில் அமைச்சருக்குப் பதிலாக விடையளிப்பார், அமைச்சர் தம் அதிகாரங்களில் சிலவற்றை அவருக்குக் கையளிக்கலாம். வெள்ளை வாகனமும் பாதுகாப்பும் மூவருக்கும் இருப்பதால் தோட்டத்துக்கு வரும்போது வித்தியாசம் தெரிவதில்லை. செவ்வாய்க்கிழமையோ திங்கட்கிழமையோ, அந்தந்த அரசாங்கத்தின் வழக்கப்படி, வாரத்துக்கு ஒரு தடவை அமைச்சரவை கூடும் நாளில்தான் தெரியும்.

எண்ணிக்கைக்கு ஒருகாலத்தில் எல்லையே இருக்கவில்லை. 2007 ஜனவரி மாற்றத்துக்குப் பிறகு எல்லா வகை அமைச்சர்களையும் சேர்த்தால் நூறைத் தாண்டியது. அரசாங்கப் பக்கத்தில் அமைச்சரல்லாத உறுப்பினரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த காலம் அது. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் அமைச்சரவைக்கு 30 என்றும், மற்ற இரு வகையினருக்கும் சேர்த்து 40 என்றும் எல்லை போட்டது. ஆனால் தேசிய அரசாங்கம் அமைந்தால் பாராளுமன்றம் அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. அதே வருடம் செப்டம்பரிலேயே அந்தக் கதவு பயன்படுத்தப்பட்டது. இதற்கு நேரெதிரான காட்சியை 2024இல் பார்த்தோம். செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின் நவம்பர் வரை ஜனாதிபதி, பிரதமர், இன்னோர் அமைச்சர் என மூன்றே பேர் முழு அமைச்சரவையாக இருந்து எல்லா விடயங்களையும் தமக்குள் பிரித்துக்கொண்டார்கள். நாடு நின்றுவிடவில்லை. விடயங்கள் யாராவது ஒருவர் பெயரில் இருந்தால் போதும், ஆட்கள் எத்தனை என்பது அரசியல் தேவையைப் பொறுத்தது என்பதற்கு அந்த எட்டு வாரத்தைவிட நல்ல பாடம் என் சேவைக்காலத்தில் கிடைத்ததில்லை.

அமைச்சின் பெயர் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு உங்கள் விடயத்தையே உதாரணமாக எடுக்கிறேன். தோட்ட வீடமைப்பும் உட்கட்டமைப்பும் என்ற இந்த விடயம் பத்து வருடத்தில் வீடுவீடாக மாறிக் குடியிருந்திருக்கிறது. 2015இல் பழனி திகாம்பரம் அவர்கள் பொறுப்பேற்றபோது அது தனியோர் அமைச்சரவை அமைச்சாக இருந்தது. பின்னர் அதன் பெயர் மலைநாட்டுப் புதிய கிராமங்கள், உட்கட்டமைப்பு வசதிகள், சமுதாய அபிவிருத்தி அமைச்சு என்று நீண்டது. ஆறுமுகன் தொண்டமான் அவர்கள் 2020 மே மாதம் காலமாகும்போது சமூக வலுவூட்டல், தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சராக இருந்தார். அந்த வருடம் ஆகஸ்டில் அதே விடயம் ஒரு படி இறங்கி இராஜாங்க அமைச்சாகி ஜீவன் தொண்டமான் அவர்களிடம் போனது. 2023 ஜனவரியில் அவரே நீர் வழங்கல், தோட்ட உட்கட்டமைப்பு அபிவிருத்தி அமைச்சராக அமைச்சரவைக்குள் வந்தார், விடயம் குடிநீரோடு சேர்ந்துகொண்டது. 2024 நவம்பரில் அது தேயிலை, இறப்பரோடு சேர்ந்து பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சானது; அமைச்சர் சமந்த வித்யாரத்ன, பிரதி அமைச்சர் சுந்தரலிங்கம் பிரதீப்.

இந்த இடமாற்றங்களில் கவனிக்க வேண்டியது பெயரையன்று. விடயம் இராஜாங்க அமைச்சாக இருந்த காலத்தில் தோட்ட வீடு பற்றிய எந்த அமைச்சரவைப் பத்திரமும் வேறொருவரின் கையெழுத்தோடுதான் மேலே போக முடியும், கூட்டத்தில் அதற்காகப் பேசுவதும் அவர்தான். பெருந்தோட்டக் கைத்தொழிலோடு ஒரே அமைச்சில் இருக்கும்போது வேறொரு விளைவு உண்டு: காணியை வைத்திருக்கும் கூட்டுத்தாபனங்களும் வீடு கட்டும் அதிகாரசபையும் ஒரே செயலாளரின் கீழ் வந்தால் கடிதப் போக்குவரத்து ஒரு கட்டிடத்துக்குள் முடியும். ஆனால் கம்பனிகளின் இலாபத்தைப் பார்க்கும் அதே மேசைதான் தொழிலாளியின் வீட்டையும் பார்க்கும். எது நல்லது என்று கேட்டால், தனி அமைச்சைவிட இரண்டாம் நிரலில் காணி நிறுவனங்களும் சேர்ந்திருக்கும் அமைச்சே உங்கள் மகஜருக்குப் பயன்படும் என்பது என் அபிப்பிராயம். நம் அரசியல்வாதிகள் பலர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அவர்களுக்குத் தனி அமைச்சு என்பது ஒரு கௌரவம்.

பெயர் மாறும்போது உள்ளே என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். புதிய வர்த்தமானி வந்த மறுநாள் பெயர்ப்பலகைக்கு முன் கடிதத் தலைப்புத்தான் பிரச்சினை. பழைய தலைப்புத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்க, புதிய பெயரை ரப்பர் முத்திரையால் அடித்து, பழைய பெயரை நீலப் பேனையால் குறுக்கே கீறி அனுப்பிய கடிதங்கள் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. அதைவிடக் கஷ்டமானது செலவினத் தலைப்பு. ஒதுக்கீட்டுச் சட்டத்தில் பழைய அமைச்சின் பெயரில் பாராளுமன்றம் ஒதுக்கிய பணம் புதிய அமைச்சின் பேரேட்டுக்கு வந்துசேர வேண்டும், உத்தியோகத்தர்கள் பிரிய வேண்டும், கோப்புகள் எண்ணி ஒப்படைக்கப்பட வேண்டும். ஒரு தடவை இரண்டாகப் பிரிந்த அமைச்சொன்றில் ஒரு தோட்டத்தின் காணிக் கோப்பு எந்தப் பக்கம் போனதென்று தெரியாமல் மாதக்கணக்கில் தேடினோம். கடைசியில் அது மின்தூக்கிக்குப் பக்கத்தில் கட்டிவைத்த மூட்டையொன்றுக்குள் இருந்தது. அந்தத் தோட்டத்து மக்களுக்கு அந்த மாதங்களெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்றே பதில் போனது.

அமைச்சருக்கு அடுத்தவர் செயலாளர். நம்மவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஆள் இவர்தான். 52ஆம் உறுப்புரையின்படி ஒவ்வோர் அமைச்சுக்கும் ஒரு செயலாளரை ஜனாதிபதி நியமிக்கிறார். அமைச்சரின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டு அந்த அமைச்சின் கீழுள்ள திணைக்களங்களை மேற்பார்வை செய்வது அவர். அவரே அமைச்சின் பிரதம கணக்கீட்டு அதிகாரி. நிதிப் பிரமாணங்களுக்கு மாறாகக் காசு செலவானால் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவின் முன் நின்று பதில் சொல்பவர் அவர்தான், அமைச்சர் அல்லர். அதனால்தான் மேடையில் அமைச்சர் "செய்து தருகிறேன்" என்று சொன்ன காரியம் செயலாளரின் மேசையில் மெல்ல நகர்கிறது. அமைச்சரவை கலையும்போது செயலாளர்களின் பதவியும் முடிவடைகிறது என்பதால், புதிய அரசாங்கத்தின் முதல் வாரங்களில் எந்த அமைச்சிலும் கடிதங்களுக்குப் பதில் வராததற்குப் பாதிக் காரணம் இதுவே.

செயலாளரின் கீழ் மேலதிகச் செயலாளர்கள், சிரேஷ்ட உதவிச் செயலாளர்கள், பணிப்பாளர்கள், கடைசியில் உங்கள் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் என்று வரிசை இறங்கும். இந்த வரிசைக்கு வெளியே அமைச்சரின் சொந்தப் பணிக்குழு இருக்கிறது: பிரத்தியேகச் செயலாளர், இணைப்புச் செயலாளர், ஊடகச் செயலாளர். திருவிழாவில் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் நீங்கள் மகஜரைக் கொடுப்பது பெரும்பாலும் இணைப்புச் செயலாளரின் கையில்தான். அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் கையில் கொடுத்தது பதிவேட்டில் ஏறாது. அமைச்சின் தபால் பிரிவில் இலக்கமிட்டு ஏறிய கடிதம்தான் கோப்பாகும். அமைச்சர் ஓரத்தில் "தேவையான நடவடிக்கை எடுக்கவும்" என்று பச்சை மையில் எழுதினாலும், அந்தக் கடிதம் பதிவாகிச் செயலாளர் வழியாக இறங்கி வந்தால்தான் என் போன்ற ஒருவர் கோப்பைத் திறப்பார்.

தீர்மானம் எப்படி உருவாகிறது என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒன்றையே பார்க்கலாம். 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். முன்பே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு 14,000. அறிவிப்புக்கும் அத்திவாரக் குழிக்கும் இடையில் எத்தனை அமைச்சுகள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு நன்கொடை என்பதால் திறைசேரியின் வெளிநாட்டு வளங்கள் திணைக்களம் வரவேண்டும். இரண்டு நாடுகளின் உடன்படிக்கை என்பதால் வெளிநாட்டு அமைச்சும் சட்டமா அதிபரும் பார்க்கவேண்டும். வீடு, தோட்ட உட்கட்டமைப்பு விடயத்துக்குரியது. காணியோ அரசுடையது, ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் பெயரில் இருந்து, 1992இல் உருவாக்கப்பட்ட பிராந்தியக் கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகைக்கு விடப்பட்டது. அதிலிருந்து வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் விடுவிக்கக் கம்பனியின் சம்மதமும் அமைச்சின் நடவடிக்கையும் வேண்டும். மண்சரிவு அபாயம் இல்லை என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை தரவேண்டும். மின்சாரம் ஓர் அமைச்சு, குடிநீர் இன்னோர் அமைச்சு.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்க்கும் கருவிதான் அமைச்சரவைப் பத்திரம். விடயத்துக்குரிய அமைச்சர் கையெழுத்திட்ட பத்திரம் அமைச்சரவை அலுவலகத்துக்குப் போகும். அந்த அலுவலகத்தின் தலைவர் அமைச்சரவைச் செயலாளர். கூட்டத்தின் அலுவல்களை ஒழுங்குசெய்வதும் அறிக்கைகளைப் பேணுவதும் தீர்மானங்களை உரியவர்களுக்கு அறிவிப்பதும் அவரது கடமை. பத்திரம் நிகழ்ச்சிநிரலில் ஏறுமுன், சம்பந்தப்பட்ட மற்ற அமைச்சர்களின் அவதானிப்புகளுக்கு அனுப்பப்படும். பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் நிதியமைச்சரின் அவதானிப்பு இருந்தாக வேண்டும். நிதியமைச்சு "இவ்வருட ஒதுக்கீட்டுக்குள் செய்யலாம்" என்று எழுதினால் அது நடக்கும். "எதிர்வரும் வரவு செலவுத் திட்டத்தில் கவனத்திற் கொள்ளலாம்" என்று எழுதினால், தம்பி, அதை மரியாதையான மறுப்பு என்று எடுத்துக்கொள்ள நாங்கள் பழகியிருந்தோம். கூட்டம் அங்கீகரிக்கலாம், ஒத்திவைக்கலாம், அமைச்சரவை உபகுழுவொன்றுக்கு அனுப்பலாம். தீர்மானம் உறுதிப்படுத்தப்பட்ட பின் அதன் பிரதி செயலாளர்களுக்கு வரும், மறுநாள் அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் "அமைச்சரவைத் தீர்மானங்கள்" அறிக்கையிலும் அதன் சுருக்கம் வரும். அந்த அறிக்கையில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது நம்மிடையே உள்ள பெரிய பிழை. சட்டம் வேண்டிய காரியமென்றால் அதற்குப் பிறகுதான் சட்டவரைஞரிடம் போகும், பிறகுதான் பாராளுமன்றம். பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை 2018இல் ஒரு சட்டத்தால் உருவானது இப்படித்தான்.

கூட்டுப்பொறுப்பு என்ற சொல் பரீட்சைக்கு மட்டும் பாடமாக்கும் சொல்லாகிவிட்டது. அதன் கருத்து, உள்ளே எதிர்த்துப் பேசியவரும் வெளியே வந்ததும் தீர்மானத்தைத் தம்முடையதாக ஏற்கவேண்டும், முடியாதென்றால் விலகவேண்டும் என்பதுதான். இந்த விதியை மலையகம் அளவுக்கு இழுத்துப் பார்த்த இடம் வேறில்லை. சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் 1978 செப்டம்பரில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சராக அமைச்சரவைக்குள் போனார். 1999 அக்டோபரில் காலமாகும் வரை, இரண்டு பெரிய கட்சிகளின் அரசாங்கங்களிலும் அமைச்சராகவே இருந்தார். அமைச்சராக இருந்துகொண்டே, நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கேட்டு 1986 ஜனவரியில் தோட்டங்களில் பிரார்த்தனை இயக்கத்தை நடத்தினார். தாம் அங்கம் வகிக்கும் அரசாங்கத்துக்கு எதிரான வேலைநிறுத்தம் என்று சொல்லமுடியாதபடி, கடவுளிடம் கேட்பதாக ஒரு வடிவம். அந்த வருடமே நாடற்ற ஆட்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. அரசியலமைப்புப் பண்டிதர்கள் இதைக் கூட்டுப்பொறுப்பின் மீறல் என்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் அன்று விளக்கேற்றியவர்கள் அப்படி நினைக்கவில்லை.

அமைச்சரவை என்ற அமைப்பே இப்போதுள்ளபடி என்றும் இருந்ததில்லை. 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவும் தெரிந்தெடுத்த தலைவர் அமைச்சரானார். ஏழு அமைச்சர்களும் மூன்று அரச உத்தியோகத்தர்களும் சேர்ந்து அமைச்சர் சபை. ஹட்டனிலிருந்து தெரிவான பெரி சுந்தரம் அவர்கள் அந்த முதற் சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சர். சம்பளப் பிரச்சினைக்குரிய அதே விடயம் மலையகத் தமிழர் ஒருவரின் கையில் இருந்த காலம் அது. 1936இல் எல்லாக் குழுக்களிலும் தலைவர் தெரிவு ஒழுங்குசெய்யப்பட்ட விதத்தில் அமைச்சர் சபை முழுக்கச் சிங்களவர்களாகவே அமைந்தது. 1947 முதல் பிரித்தானியப் பாணி அமைச்சரவை வந்தது. அடுத்த வருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் பிரஜாவுரிமையைக் கொண்டுபோனது, 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்து நம் வாக்கையே கொண்டுபோனது. வாக்கில்லாதவர்களுக்கு அமைச்சர் எங்கிருந்து வருவார்? 1978 வரை அந்த நாற்காலி வெறுமையாகவே இருந்தது.

அமைச்சரவை இல்லாமற்போனால் என்னவாகும் என்பதற்கு 2018ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் அக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி புதிய பிரதமரை நியமித்தார். பாராளுமன்றப் பெரும்பான்மை வரவில்லை. டிசம்பர் 3ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அமைச்சரவை இயங்குவதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. டிசம்பர் 16ஆம் திகதி பழைய பிரதமர் மீண்டும் பதவியேற்று, 20ஆம் திகதி புதிய அமைச்சர்களும் பதவியேற்கும் வரை நாட்டில் செயற்படும் அமைச்சரவை இல்லை. அந்த நாட்களில் சம்பளப் பட்டியல்கள் தயாராகின, ஆனால் அமைச்சர் கையெழுத்து வேண்டிய எந்தக் கோப்பும் அசையவில்லை. பாராளுமன்றம் அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தையோ கொள்கைக் கூற்றையோ நிராகரித்தாலும், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நிறைவேற்றினாலும் அமைச்சரவை கலைந்துவிடும். ஜனாதிபதி மட்டும் பதவியில் தொடர்வார்.

எல்லாவற்றையும் கொழும்பில் தேடவும் கூடாது. 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்கும் ஓர் அமைச்சர் வாரியம் உண்டு, முதலமைச்சரும் அவரைத் தவிர ஆகக்கூடியது நான்கு அமைச்சர்களும். உங்கள் தோட்டப் பாடசாலை தேசிய பாடசாலையாக இல்லாவிட்டால் அது மத்திய மாகாணக் கல்வி அமைச்சின் கீழ்தான் வரும். ஆனால் 2013இல் தெரிவான மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பின் தேர்தல் நடக்காததால், அந்த ஆசனங்களில் இப்போது அமைச்சர்கள் இல்லை. ஆளுநரும் மாகாணச் செயலாளர்களும் நடத்துகிறார்கள். பிரதேச சபை தோட்டத்துக்குள் செலவு செய்யக்கூடாது என்ற பழைய தடையை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியதால், பாதைக்கும் விளக்குக்கும் அங்கே கேட்பதே சரி.

இனி உங்கள் மகஜர். வீட்டையும் காணி உறுதியையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள், ஆனால் தனித்தனிப் பந்தியாக, இலக்கமிட்டு எழுதுங்கள். சம்பளத்தையும் பாடசாலையையும் அதில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் கடிதம் நாலாகக் கிழிந்து நாலு இடம் போகும். முகவரியில் அமைச்சரின் பெயர் வேண்டாம், பதவிப்பெயர் போதும், ஆள் மாறினாலும் கடிதம் செல்லுபடியாகும். தற்போதைய வர்த்தமானியை இறக்கி, இரண்டாம் நிரலில் புதிய கிராமங்கள் அதிகாரசபையும் உங்கள் தோட்டக் காணியை வைத்திருக்கும் கூட்டுத்தாபனமும் எந்த அமைச்சின் கீழ் இருக்கின்றன என்று பார்த்து, அந்த அமைச்சின் செயலாளருக்கு எழுதுங்கள். அமைச்சருக்கும் பிரதி அமைச்சருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதிகள் வையுங்கள். லயத்தின் இலக்கம், தோட்டப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு, குடும்பத் தலைவர்களின் பெயர்கள், மண்சரிவு எச்சரிக்கை ஏதும் வந்திருந்தால் அதன் பிரதி ஆகியவற்றை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அமைச்சின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து, உங்கள் கடிதத்தின் கோப்பு இலக்கத்தையும் எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்தாக வேண்டும். தீர்மானம் எடுக்கப்படாத அமைச்சரவைப் பத்திரத்தைத் தரமாட்டார்கள். எடுத்து முடிந்த தீர்மானத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கோப்பு இலக்கம் கைக்கு வந்ததும் எனக்குத் தெரிவியுங்கள், அடுத்த கடிதத்தை எந்த மேசைக்கு எழுதுவதென்று அந்த இலக்கத்தைப் பார்த்தே சொல்லலாம்.